டேப்லெட் திரையின் பிக்சலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க

சேலத்துக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பைச் சரிபார்க்கும் 10 மடங்கு லென்ஸே பழைய 10.1 இன்ச், 1280×800 டேப்லெட்டுக்கு ஓரளவு போதும். அதில் ஒரு பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி, சுமார் 0.17 மி.மீ. இன்ச்சுக்கு 264 பிக்சல் உள்ள திரையில் அது 0.096 மி.மீ.தான். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடங்க வேண்டும் என்பதால் 60 மடங்கு பாக்கெட் மைக்ரோஸ்கோப் தேவை. அட்டையில் "1000 மடங்கு" என்று போட்டிருக்கும் யுஎஸ்பி வகையை அந்த எண்ணுக்காக வாங்க வேண்டாம்.

முதலில் திரையை லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஒரு மணல்துகள் அடியில் மாட்டினாலும் மைக்ரோஸ்கோப்பின் பாதம் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். மேட் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிடுங்கள். அதன் சொரசொரப்பு பிக்சலைச் சிதறடிக்கும். பிரைட்னஸை முழுதாக ஏற்றி, நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீலம் மங்கித் தெரியும். டேப்லெட்டை ஆடும் மேசையில் வைக்காமல் தரையில் வைப்பது நல்லது.

பெரும்பாலோர் தவறுவது விளக்கில். மைக்ரோஸ்கோப்பின் எல்இடியை அணைத்துவிடுங்கள். திரையே ஒளி தருகிறது. மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் கைரேகையும் தூசியும்தான் பளிச்சென்று தெரியும். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது முதலில் தெளிவாவது மேல் கண்ணாடித் தூசி. பிக்சல் அதற்கும் கீழே. மலிவான டேப்லெட்டில் டச் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் இன்னும் ஆழம். ஃபோகஸ் எட்டாவிட்டால், அடியிலுள்ள பிளாஸ்டிக் வளையம் கழன்று வருமா பாருங்கள்.

வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என ஆறு ஒற்றைநிறப் படங்களை முழுத்திரையில் வையுங்கள். மஞ்சளில்தான் வேடிக்கை: எங்கும் மஞ்சளே இருக்காது. சிவப்பும் பச்சையும் எரியும், நீலம் இருக்குமிடம் இருட்டுக் கோடு. எல்சிடி (பின்னால் விளக்கு எரியும் திரை) என்றால் மூன்று நிறமும் பாவு இழைபோல் வரிசையாக நிற்கும்; எல்சிடியிலேயே ஒரு வகையான ஐபிஎஸ் பேனல்கள் பலவற்றில் அந்தக் கோடுகள் அம்புமுனைபோல் வளைந்திருக்கும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் திரை) பலவற்றில் பச்சைப் புள்ளிகள் நிறைய, சிவப்பும் நீலமும் அதில் பாதி.

டிஸ்ப்ளே மாற்றி வாங்கியவர்கள் கருப்புப் படத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். ஓஎல்இடி முழு இருட்டாகும். எல்சிடியில் சாம்பல் வெளிச்சம் கசியும். ஓஎல்இடி இருந்த இடத்தில் எல்சிடியைப் போட்டிருந்தால் இதில் தெரிந்துவிடும். எல்லா நிறத்திலும் இருண்டே இருக்கும் புள்ளி செத்தது. கருப்பிலும் எரிவது சிக்கியது. வேறு ஃபோகஸில் தெளிவாவது வெறும் தூசி.

இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிட, ஒளிபுகும் ஸ்கேலின் கோடுகள் திரையைத் தொடும்படி கவிழ்த்து வைத்து 2 மி.மீ.க்குள் உள்ள பிக்சல்களை எண்ணுங்கள். ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால், 21 வந்தால் 21÷2×25.4, அதாவது 267. ஒரு பிக்சல் தவறினால் விடை 13 வரை நகரும், ஆகவே மூன்று இடத்தில் எண்ணுங்கள்.

போனில் படமெடுக்கும்போது கரும்பட்டைகள் ஓடினால் பிரைட்னஸ் குறைவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் பல திரைகள் விட்டுவிட்டு எரியும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் லென்ஸ் மங்கினால் துடைத்துக்கொண்டே இராமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.