நியோ ஜியோ போர்டை வீட்டு டிவியில் ஓட்ட: வாங்குவதும் பழுது பார்ப்பதும்

போன மாதம் தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி மரப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைப் படியேறினான். உள்ளே நியோ ஜியோ எம்விஎஸ் போர்டு, அதாவது காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் மெஷினின் சர்க்யூட் போர்டு. வெளிநாட்டில் யாரோ வீட்டு கன்சோலாக மாற்றி விற்றது.

"அண்ணே, ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. இப்ப டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. போர்டு செத்துப்போச்சா?"

மீட்டர் முள்ளை அடாப்டர் முனையில் வைத்தேன்: 5.02 வோல்ட். போர்டில் இருக்கும் ஐசியின் (சிப்பின்) காலில் வைத்தேன்: 4.61. போர்டுக்கு ஒன்றுமில்லை. பெட்டியோடு வந்த வயர் அறுந்துபோக, அவன் போன் சார்ஜரின் வயரை வெட்டிப் போட்டிருந்தான். அது நூல் மாதிரி மெல்லிசு.

ஹட்டனில் டிவி, ரேடியோ பழுது பார்த்து இருபத்திரண்டு வருஷமாகிறது. சின்ன வயதில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனால், கார்னிவலில் இந்த மெஷின் முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வர மனசு வராது. அதனால் இந்தப் போர்டுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். நல்ல போர்டைச் செத்ததென்று குப்பையில் போடுவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

எம்விஎஸ், எஸ்என்கே கம்பனி 1990இல் வீடியோ கேம் கடைகளுக்கென்று விட்டது. அதன் வீட்டுப் பதிப்பான ஏஇஎஸ்ஸும் உள்ளே ஏறக்குறைய இதேதான்: 12 மெகாஹெர்ட்ஸ் 68000 சிப், சத்தத்துக்கு ஒரு இசட்80. ஆனால் கார்ட்ரிட்ஜ் (கேம் இருக்கும் கேசட்) ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏஇஎஸ் கார்ட்ரிட்ஜ் யானை விலை என்பதால்தான் கடைப் போர்டைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

வாங்கும்போது விற்பவரிடம் பெட்டியின் வெளிப்புறத்தை எடுத்த அழகான படத்தைக் கேட்காதீர்கள். மூடியைக் கழற்றி, பாட்டரி இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அது முப்பது வருஷத்தில் கசியும். கசிந்த காரம் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்னும். படத்தில் பச்சைப் பூ பூத்தது போலவோ, சுற்றியுள்ள ஐசி கால்கள் கறுத்தோ தெரிந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் முதன்முதலாக வாங்கிய போர்டுக்கு விற்றவர் "சோதித்துப் பார்த்தது" என்றுதான் எழுதியிருந்தார். திறந்தால் பாட்டரியைச் சுற்றி ஏழு கோடுகள் அறுந்திருந்தன. அவர் பதிலே போடவில்லை.

இப்படி வந்தால் செய்ய வேண்டியது இதுதான். பாட்டரியை வெட்டி எடுங்கள். வெள்ளை வினாகிரியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள்; காரத்தை அது முறிக்கும். பிறகு தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவுங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டும் ஆகும், ஆனால் அதில் தண்ணீர் கலந்திருப்பதால் நம் குளிருக்கு இரண்டு நாளாவது காயவிட வேண்டும். காய்ந்தபின் மீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராத கோட்டுக்கு மெல்லிய வயரால் பாலம் போடுங்கள். பொறுமையான வேலை. எனக்கு அந்த ஏழு கோட்டுக்கும் இரண்டு இரவு போனது.

அடுத்தது கரண்ட். ஜப்பானில் இருந்து பவர் சப்ளையோடு வந்தால் முதலில் ஸ்டிக்கரை வாசியுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. 100-240 என்று எழுதியில்லாததை நம் சுவரில் சொருகினால் புகைதான் வரும். போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75க்குக் கீழேயும் 5.25க்கு மேலேயும் போகக்கூடாது. அதை போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டிலேயே அளக்க வேண்டும். ஒன்றரை அம்பியர் இழுக்கும் போர்டுக்கு வயரில் கால் ஓம் இருந்தாலே 0.37 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும்.

பெட்டிக்குள் ஜாம்மா கனெக்டர் (கரண்ட், படம், சத்தம், பட்டன் வயர்களைப் போர்டின் விளிம்பில் சேர்ப்பது) இருந்தால் அதைத் திருப்பிச் சொருகிவிடாதீர்கள். பக்கத்துக்கு 28 காலாக 56 கால். ஏழாவது இடத்தில் இருக்கும் வெட்டுதான் திசை காட்டும். அதன் ஸ்பீக்கர் வயர்களை டிவியின் ஆடியோ துளைக்கு நேரே கொடுப்பதும் தப்பு, அது ஆம்ப்ளிபையர் ஏற்கெனவே பெருக்கிவிட்ட பலமான சிக்னல்.

படத்தைப் பற்றி: போர்டு தருவது 15.6 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில் வரும் சிக்னல். நம் பக்கத்துப் பழைய டிவிகளில் ஆர்ஜிபி துளை கிடைப்பது அபூர்வம், ஆனால் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளை உள்ள கலர் டிவிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அதற்கேற்ற மாற்றி ஒன்று போதும். வெள்ளை நிறம் கண்ணைக் கூசினால் போர்டு பழுதில்லை, சிக்னல் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் போடப்படவில்லை.

டிக் டிக் சத்தத்துக்கு வருவோம். அது வாட்ச்டாக் என்ற காவல் சர்க்யூட். பிராசசர் சரியாக ஓடவில்லையென்று கண்டு போர்டைத் திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணுகிறது. 5 வோல்ட்டைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் விளிம்பை அல்ககோலால் துடையுங்கள். பயாஸ் சிப்பை (போர்டைத் தொடக்கி வைக்கும் புரோகிராம் இருக்கும் சிப்) சாக்கெட்டில் அழுத்தி உட்கார வையுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால்தான் பாட்டரிக் காரம் தின்ற கோடா, ராம் சிப்பா என்று தேட வேண்டும். திரையில் பேக்கப் ராம் (பாட்டரி காத்து வைக்கும் நினைவகம்) எரர் என்று வந்தால் நல்லது, போர்டே இடத்தைச் சொல்கிறது. எழுதியது 5555, வாசித்தது 55FF என்று காட்டினால் பின்பாதியில்தான் கோளாறு. அந்தப் பாதிக்கான ராம் சிப்பையும் அதற்குப் போகும் கோடுகளையும் பாருங்கள். அந்தச் சிப்கள் பாட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

தம்பியின் பெட்டிக்குத் தடித்த வயர் போட்டேன். போர்டில் 5.03. டிக் சத்தம் நின்றது. கூலி வாங்கவில்லை, ஒரு ரவுண்டு மெட்டல் ஸ்லக் விளையாடிவிட்டுத்தான் கொடுத்தேன்.

போகும்போது அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பெட்டியின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிவிக்கு வரும் டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக டிவிக்குள் புகுந்து, வீடியோ வயரைப் பிடித்துக்கொண்டு போர்டுக்கு வந்துவிடும்.