புது போன் வந்த வேகத்துல பழைய போனை அழிச்சிடாதீங்க

புது போன் கைக்கு வந்த அன்னிக்கே பழைய போனை ரீசெட் போட்டு யாருக்காவது குடுத்துடணும்னு ஒரு வேகம் வரும் பாருங்க, போன் மாத்தும்போது நடக்கற இழப்புல பெரும்பாலானது அந்த வேகத்துலதான் நடக்குது. எங்க வீட்டுல யாரு போன் மாத்தினாலும் என்கிட்டதான் வருவாங்க, அதனால ஒரே தப்ப திரும்பத் திரும்ப பாத்துட்டேன். "எல்லாந்தான் அக்கவுண்ட்ல இருக்கே, லாகின் பண்ணா வந்துடும்"னு எல்லாரும் நம்பறாங்க. நிறைய வரும், ஆனா எல்லாமும் வராது. வராதது எதுன்னு பழைய போன் போனதுக்கு அப்புறந்தான் தெரியும்.

போன தடவ எங்க அக்கா போன் மாத்தினப்ப, "ரீசெட் எங்கடா இருக்கு, செட்டிங்ஸ்ல தேடிப் பாத்துட்டேன் காணோம்"னு கூப்பிட்டா. கான்டாக்ட் வந்துடுச்சு, போட்டோ வந்துடுச்சு, வாட்ஸ்அப் வந்துடுச்சு, எல்லாம் சரின்னா. நான் சும்மா ஒரு வார்த்தைக்கு, "அந்த வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்ப புது போன்ல தொறந்து பாருக்கா"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "காலியா இருக்குடா"ன்னா. அதுலதான் எங்க தாத்தா தன்னோட சின்ன வயசுக் கதைய சொன்னதெல்லாம் இருந்துச்சு, 11 ரெக்கார்டிங், அதுல ஒண்ணுல நடுவுல இருமல் வந்து "கொஞ்சம் தண்ணி குடும்மா"ன்னு கேப்பாரு. தாத்தா இப்ப இல்ல. அவ ரீசெட் எங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சிருந்தா அந்தக் குரலும் அன்னிக்கே போயிருக்கும். பழைய போன் கையில இருந்ததால ஒவ்வொரு பைலா எடுத்து ரெண்டு இடத்துல போட்டு வச்சோம்.

அதனால முதல் தப்பு, ஐகான் வந்துடுச்சுன்னா உள்ள இருக்கறதும் வந்துடுச்சுன்னு நினைக்கறது. டிரான்ஸ்பர் முடிஞ்சதும் ஹோம் ஸ்க்ரீன் பழைய போன் மாதிரியே இருக்கும், ஆனா அதுல பல ஆப் வெறுமனே புதுசா டவுன்லோட் ஆனதுதான். ஆப் செய்யறவங்க அனுமதிச்சாத்தான் அதோட டேட்டா பேக்கப்ல போகும், சில ஆப் வேணும்னே அனுமதிக்காது. ரெக்கார்டர், நோட்ஸ், ஸ்கேனர், உடம்பு அளவெல்லாம் குறிச்சு வைக்கற ஆப், இதுலல்லாம் ஒவ்வொண்ணா உள்ள போய் கடைசியா போட்ட என்ட்ரி இருக்கான்னு பாக்கணும். பத்து நிமிஷ வேலைதான், ஆனா ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணணும்.

கூகுள் போட்டோஸ்ல லாக்டு போல்டர், அதாவது லாக் போட்டு மறைச்சு வைக்கற போல்டர், யூஸ் பண்றவங்க தனியா கவனிங்க. அடையாள அட்டை போட்டோ, மெடிக்கல் ரிப்போர்ட்னு முக்கியமானதெல்லாம் அதுலதான் போட்டு வப்போம், ஆனா அந்த போல்டருக்கு தனியா பேக்கப் ஆன் பண்ணலன்னா அது அந்த போனுக்குள்ளயே கிடக்கும், ரீசெட் போட்டா அதோட சேந்து போயிடும். மத்த போட்டோவெல்லாம் கிளவுட்ல ஏறிட்டதால இதுவும் ஏறியிருக்கும்னு தோணறது இயல்பு, ஆனா அப்படி கிடையாது.

இப்ப வர்றது எனக்கே நடந்தது. மெயில், பேங்க், வேலை சம்பந்தமான சைட்டுன்னு எல்லாத்துக்கும் ரெண்டாவது பூட்டா ஆறு இலக்க கோடு குடுக்கற ஆத்தென்டிகேட்டர் ஆப் வச்சிருந்தேன். புது போன்ல அதே ஆப்ப போட்டேன், தொறந்தா ஒண்ணுமே இல்ல, அதுக்குள்ள பழைய போன் அழிச்சாச்சு. ஒரு சர்வீஸ்ல என் அக்கவுண்ட்டுக்குள்ள நானே நுழைய நாலு நாள் ஆச்சு, அந்த நாலு நாளும் அதுலதான் முடிக்க வேண்டிய வேலை இருந்துச்சு, தூக்கமே வரல. என்ன விஷயம்னா, அந்த கோடு இன்டர்நெட்ல இருந்து வர்றது இல்ல. முதல்ல ஒரு கியூஆர் ஸ்கேன் பண்ணோம்ல, அதுல ஒரு ரகசிய சாவி போனுக்குள்ள எறங்குது, அந்த சாவியையும் அப்போதைய நேரத்தையும் வச்சு போனே கணக்கு போட்டு வழக்கமா 30 செகண்டுக்கு ஒரு கோடு காட்டுது. சாவி போச்சுன்னா கோடும் போச்சு. கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல இந்த சாவிய அக்கவுண்ட்டோட சிங்க் பண்ற, அதாவது கிளவுட்லயும் அப்படியே வச்சுக்கற வசதியே 2023 ஏப்ரல்லதான் வந்துச்சு, அதுவும் நீங்க ஆப்புக்குள்ள சைன் இன் பண்ணியிருந்தாத்தான். பண்ணலன்னா பழைய போன்ல எக்ஸ்போர்ட் குடுத்து வர்ற கியூஆர புது போன்ல ஸ்கேன் பண்ணி எடுக்கணும். ரெண்டு போனும் உயிரோட இருந்தாத்தான் இது நடக்கும்.

இதோட பேக்கப் கோடுன்னு ஒண்ணு இருக்கு, யாரும் சீந்தறதே இல்ல. கூகுள் அக்கவுண்ட்ல கேட்டா 10 கோடு தரும், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒண்ண ஒரு தடவதான் யூஸ் பண்ண முடியும். அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வைக்காதீங்க. ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுல பத்திரமான இடத்துல வைங்க. நான் இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன், பீரோல ஒரு கவர்ல.

வாட்ஸ்அப்புக்கு வருவோம், அதிகமா கண்ணீர் விடறது இங்கதான். புது போன்ல நம்பர் போட்டு ஓடிபி குடுத்ததும் "பேக்கப் இருக்கு, ரீஸ்டோர் பண்ணவா"ன்னு ஒரு ஸ்க்ரீன் வரும். நெட் ஸ்லோவா இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு ஸ்கிப் குடுத்துடறாங்க. அப்புறம் அந்த ஸ்க்ரீன் தானா திரும்பி வராது, ஆப்ப அழிச்சுட்டு மறுபடி போட்டு முதல்ல இருந்து வரணும். அதுக்குள்ள ராத்திரி ஆட்டோ பேக்கப் ஓடுச்சுன்னா, காலியா இருக்கற புது சாட் போய் பழைய பேக்கப் மேலயே உக்காந்துடும். பல வருஷ மெசேஜ் இருந்த இடத்துல ஒரு நாள் மெசேஜ் இருக்கும். ஆண்ட்ராய்டுல ரீஸ்டோர் ஸ்க்ரீனே வரலன்னா பதறாதீங்க, பேக்கப் எடுத்த அதே கூகுள் அக்கவுண்ட் புது போன்ல இருக்கா, அதே நம்பரான்னு முதல்ல பாருங்க, ரெண்டு மெயில் ஐடி வச்சிருக்கறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பேக்கப் கடைசியா எந்த தேதி ஓடியிருக்குன்னும் பழைய போன்லயே பாத்துடுங்க. 2024ல இருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளோட 15 ஜிபி கணக்குலதான் சேருது, மெயிலும் போட்டோவும் அந்த இடத்த ஏற்கனவே நிரப்பியிருந்தா பேக்கப் சத்தமில்லாம நின்னு போயிருக்கும், மாசக்கணக்கா ஓடாம இருக்கறத நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, வாட்ஸ்அப் பேக்கப்புக்கே பாஸ்வேர்ட் போட்டு வேற யாரும் படிக்க முடியாதபடி பூட்டற என்ட் டு என்ட் என்கிரிப்ஷன் 2021ல வந்துச்சு. நல்ல விஷயந்தான், நானும் போட்டிருக்கேன். ஆனா அப்போ பாஸ்வேர்டோ 64 இலக்க கீயோ வச்சவங்க அத மறந்துட்டா வாட்ஸ்அப்பாலயும் தொறந்து தர முடியாது. பழைய போன்ல வாட்ஸ்அப் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா கைரேகையோ போன் லாக்கோ குடுத்து பாஸ்வேர்ட மாத்திக்கலாம், அதனால புது போன்ல நம்பர் போடறதுக்கு முன்னாடியே இத சரி பண்ணிடணும். நம்பர் போட்ட நிமிஷமே பழையதுல லாக்அவுட் ஆயிடும்.

ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு போறவங்க கூகுள் பேக்கப்ப நம்பி போகாதீங்க, அது ஐபோன்ல எறங்காது. ஆப்பிளோட மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியா வாட்ஸ்அப்ப கொண்டு போறதா இருந்தா, புது ஐபோன முதல் தடவ செட்டப் பண்ற நேரத்துலயே பண்ணிடணும். ரெண்டு நாள் ஐபோன யூஸ் பண்ணிட்டு அப்புறம் ஞாபகம் வந்தா, அத மறுபடி ரீசெட் போட்டுட்டு முதல்ல இருந்து வரணும்.

அடுத்து நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது. பழைய போனை குடுக்கறதுக்கு முன்னாடி "சுத்தம் பண்றேன்"னு உக்காந்து ஒவ்வொரு போட்டோவா, ஒவ்வொரு கான்டாக்ட்டா கையால டெலிட் பண்றாங்க, அக்கவுண்ட் இன்னும் அந்த போன்ல லாகின்ல இருக்கும்போதே. சிங்க் ஆன்ல இருந்தா அந்த டெலிட் கிளவுடுக்கு போகும், அங்க இருந்து புது போனுக்கும் வரும். இங்க அழிக்க அழிக்க அங்கயும் காணாம போய்க்கிட்டே இருக்கும். கையால எதையும் டெலிட் பண்ணாதீங்கன்னு ஆப்பிளே தன் சப்போர்ட் பக்கத்துல எச்சரிக்கை போட்டிருக்கு. சிங்க் வேற, பேக்கப் வேற, சிங்க்ங்கறது கண்ணாடி மாதிரி, இங்க இல்லன்னா அங்கயும் இல்ல. இந்த தப்பு நடந்துடுச்சுன்னா உடனே டிராஷ்ல பாருங்க. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன போட்டோ டிராஷ்ல 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள்தான். ஐகிளவுட்லயும் ரீசன்ட்லி டெலிட்டட்ல 30 நாள். டிராஷையும் சேத்து காலி பண்ணிட்டா அவ்ளோதான்.

இடம் பத்தலன்னு ஐகிளவுட் பேக்கப் எடுக்காம விடறதும் உண்டு, இலவசமா 5 ஜிபிதான் தராங்கள்ல. ஆனா புது ஐபோனுக்கு மாறப் போறேன்னு செட்டிங்ஸ்ல ரீசெட் பகுதிக்குள்ள போய் சொன்னீங்கன்னா, தற்காலிகமா தேவையான இடம் 21 நாளைக்கு இலவசமா கிடைக்கும். 2021ல வந்த ஐஓஎஸ் 15ல இருந்து இருக்கு, பலருக்கு தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர்ல பேக்கப் எடுக்கறவங்க என்கிரிப்ட் டிக்க போட்டு எடுங்க, அது இல்லாம எடுத்த பேக்கப்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டும் ஹெல்த் டேட்டாவும் வராது.

சரி, எல்லாம் பாத்தாச்சு, இப்ப அழிக்கலாம்னு வந்தா அதுலயும் ஒரு வரிசை இருக்கு. அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்துட்டு அப்புறம் ரீசெட். ஆண்ட்ராய்டு 5.1ல, அதாவது 2015ல இருந்து, திருட்டத் தடுக்கறதுக்காக ஒரு பூட்டு இருக்கு. போன் லாக் தெரியலன்னு பட்டன அழுத்திப் பிடிச்சு ரெகவரி மோட்ல போய் அழிச்சா, போன் ஆன் ஆனதும் பழைய ஓனரோட கூகுள் அக்கவுண்ட கேக்கும். ஐபோன்ல இதே மாதிரி ஆக்டிவேஷன் லாக்னு ஒரு பூட்டு 2013ல இருந்தே இருக்கு. தொலைஞ்ச போனை தேடிக் குடுக்கற பைண்ட் மை வசதிய ஆஃப் பண்ணாம குடுத்துட்டா வாங்கினவருக்கு அந்த போன்ல ஒரு வேலையும் நடக்காது, அவரு பாவம் காசு குடுத்துட்டு முழிச்சுக்கிட்டு நிப்பாரு. அப்படி குடுத்துட்டீங்கன்னா அவர அலைய விடாதீங்க, ஐகிளவுட் சைட்டுல போய் அந்த போனை அழிச்சு உங்க அக்கவுண்ட்ல இருந்து எடுத்து விடலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடியே செட்டப் ஸ்க்ரீன தாண்டி ஹோம் ஸ்க்ரீன் வரைக்கும் போய் பாத்துடுங்க.

ரீசெட் போட்டாலும் டேட்டாவ திரும்ப எடுத்துடுவாங்களோன்னு பயந்து குப்பை வீடியோவெல்லாம் ஏத்தி நிரப்பி மறுபடி அழிக்கறவங்க இருக்காங்க, பழைய காலத்து போனுக்கு அது சரி. ஆண்ட்ராய்டு 10ஓட வெளிவந்த போன்ல இருந்து எல்லாத்துலயும் ஸ்டோரேஜ் என்கிரிப்ட் ஆகியிருக்கும், ரீசெட் போடும்போது அந்த சாவியே அழியுது, மிச்சம் இருக்கறது வெறும் குப்பைதான், ஐபோனும் அப்படித்தான். ஆனா மெமரி கார்டு அப்படி இல்ல, போனை ரீசெட் போட்டாலும் அது பாட்டுக்கு அப்படியே இருக்கும், கழட்டி எடுக்கணும், சிம்மையும்தான். கார்டு இல்லாம போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கற இ-சிம் இருந்தா அழிக்கும்போது அத வச்சுக்கவா வேணாமான்னு போன் கேக்கும், புது போனுக்கு இ-சிம் மாறி கால் வருதான்னு செக் பண்ணாம எதையும் அமுக்காதீங்க, இ-சிம் போட முதல்ல குடுத்த கியூஆர் பல நேரத்துல ரெண்டாவது தடவ வேலை செய்யாது, நம்பர் இல்லாம ஓடிபியும் வராது.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தா பழைய போன்லயே அன்பேர் பண்ணிடுங்க, அதாவது அந்த போனோட இருக்கற இணைப்ப எடுத்துடுங்க, ஆப்பிள் வாட்ச்சுக்கு அன்பேர் பண்ணும்போதே பேக்கப்பும் எடுத்துக்கும்.

பழைய போனை எவ்ளோ நாள் வச்சிருக்கணும்னு கேட்டா நான் ஒரு மாசம்னு சொல்வேன். ஒரு மாசத்துல பில் கட்டறது, சம்பளம் வர்றது, எப்பவாவது தொறக்கற ஆப்னு ஒரு சுத்து வந்துடும், எது விட்டுப் போயிருக்குன்னு அதுக்குள்ள தெரிஞ்சுடும். சார்ஜ பாதி அளவுல வச்சு ஆஃப் பண்ணி சூடு படாத இடத்துல வைங்க, ஃபுல்லாவும் வேணாம் சுத்தமா காலியாவும் வேணாம். எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறவங்களுக்கு ஒரு மாசம் கிடைக்காது, அப்ப புது போன் வந்தபிறகு பழையத வாங்க வர்ற மாதிரி கேட்டுப் பாருங்க, அதுவும் முடியலன்னா முதல் நாளே உக்காந்து ஆத்தென்டிகேட்டர், வாட்ஸ்அப், ரெக்கார்டர், லாக்டு போல்டர், இந்த நாலையாவது பாத்துட்டு குடுங்க. எங்க அக்காவோட பழைய போன் இன்னும் அவ அலமாரிலதான் இருக்கு, எல்லாம் எடுத்தாச்சு, ரெண்டு இடத்துல காப்பியும் இருக்கு, ஆனாலும் அவளுக்கு ரீசெட் போட மனசு வரல, நானும் போடச் சொல்லல.