ஒளிமின் கலத்தில் பிளாங்க் மாறிலி குறைவாக வந்தால்

ஒளிமின் கலம் என்பது ஒளி பட்டால் எலெக்ட்ரான் வெளிவரும் குழாய். அதில் பல நிற ஒளியைப் பாய்ச்சி பிளாங்க் மாறிலியை அளக்கும் ஆய்வகச் சோதனை இது. மாறிலியின் உண்மை மதிப்பு 6.63×10⁻³⁴ ஜூல்·விநாடி. உங்களுக்கு 5×10⁻³⁴-க்குப் பக்கத்தில் வந்தால் கால்குலேட்டரைத் திட்டாதீர்கள். கலத்துக்குள் போகும் ஒளியைப் பாருங்கள்.

பாதரச விளக்கைப் போட்டு 15 நிமிடம் விட்டுவிடுங்கள். அதற்குள் எடுக்கும் அளவு நிலைத்து நிற்காது. நடுவில் கரண்ட் போய் வந்தாலும் விளக்கு உடனே பற்றாது, ஆறிய பிறகே எரியும். யூ.பி.எஸ். பிளக்கில் போடுவது நல்லது.

கலம் விளக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஒளி படும் கேத்தோடிலிருந்து வரும் எலெக்ட்ரான்களைத் தடுக்க, எதிரே உள்ள ஆனோடுக்கு 0 முதல் –2.5 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். அவற்றை முழுக்க நிறுத்தும் அளவுதான் நிறுத்து மின்னழுத்தம். சாதாரண பொட்டென்ஷியோமீட்டரில் (வோல்ட்டைத் திருகி மாற்றும் கருவி) 0.02 வோல்ட் நகர்த்துவதற்குள் கை நடுங்கிவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர் கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது பச்சை, மஞ்சள் ஃபில்டர்கள்தான் (ஒரு நிற ஒளியை மட்டும் விட வேண்டிய கண்ணாடிகள்). பச்சை (546 நானோமீட்டர்) ஃபோட்டானின் ஆற்றல் 2.27 எலெக்ட்ரான் வோல்ட். நீலத்துக்கு (436) 2.84. பச்சை ஃபில்டர் வழியே துளி நீலம் கசிந்தாலும், அது தள்ளும் வேகமான எலெக்ட்ரான்களை நிறுத்தக் கூடுதல் வோல்ட் வேண்டும். அதிர்வெண்ணுக்கு எதிரே நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்த வரைபடத்தின் இடது முனை மேலே ஏறும், சாய்வு படுத்துவிடும், மாறிலி குறையும். டியூப்லைட்டிலும் பாதரசம்தான் இருக்கிறது, அதே 436 கோடு அதிலும் உண்டு! அதை அணைத்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். மதுரை மத்தியான வெளிச்சத்துக்கு வெறும் திரைச்சீலை போதாது.

சரிபார்க்க ஒரு வழி: ஊதாவின் (405) நிறுத்து மின்னழுத்தத்திலிருந்து பச்சையினுடையதைக் கழியுங்கள். எந்தக் கலமானாலும் 0.79 வோல்ட் வர வேண்டும். 0.6 வந்தால் கசிவைத் தேடுங்கள். விளக்கை 60 செ.மீ.க்குத் தள்ளியும் பாருங்கள்: மின்னோட்டம் ஏறக்குறைய கால்பங்காகும், நிறுத்து மின்னழுத்தம் அசையக் கூடாது. லெனார்டு 1902-லேயே கண்டது இது.

மின்னோட்டம் சுழியைத் தொடும் இடத்தை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். ஆனோடின் மேல் படும் ஒளி அங்கிருந்தும் எலெக்ட்ரானை வெளியேற்றும்; அதனால் மீட்டர் சுழியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். அந்தத் தட்டையான எதிர் மின்னோட்டத்திலிருந்து கோடு எழும்பத் தொடங்கும் முனைதான் சரியான இடம். அதன் அருகில் 0.02 வோல்ட் இடைவெளியில் அளவெடுங்கள். துளையை மூடி, ஒளி இல்லாமலே ஓடும் இருள் மின்னோட்டத்தையும் எடுத்துக் கழித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கலத்தின் சாக்கெட்டின் மேல் ஈரம் படிந்து நானோ ஆம்பியர் கணக்கில் கசியும். ஸ்பிரிட்டால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள்.

அதிர்வெண்ணுக்கு எதிரே வரைந்த கோட்டின் சாய்வு 4.14×10⁻¹⁵ வோல்ட்·விநாடிக்கு அருகில் வர வேண்டும். அதை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் மாறிலி. கோடு செங்குத்து அச்சில் வெட்டும் வெட்டுத்துண்டை மட்டும் கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் (எலெக்ட்ரானை வெளியே எடுக்கக் குறைந்தது தேவையான ஆற்றல்) என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். கேத்தோடு, ஆனோடு ஆகிய இரு உலோகங்களுக்கும் இடையிலான தொடு மின்னழுத்தம் சுற்றில் சேர்ந்துகொள்வதால், அங்கே கிடைப்பது ஆனோடின் மதிப்பு. வைவாவில் இதைக் கேட்பார்கள்.