அமீரகம் வந்த புதிதில் கோட்டைவிடும் இடங்கள்

ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு அடிக்கடி ஒரு புதுமுகம் வந்துகொண்டே இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம், ராமநாதபுரம், கடையநல்லூர் என்று ஊர்தான் மாறும். செய்கிற தவறு மாறாது. நாங்கள் ஒரு காலத்தில் செய்ததேதான். நான் கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் ஏதாவது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு.

கிரெடிட் கார்டைக் கண்டபடி தேய்க்காதே, ரசீது இல்லாமல் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதே என்பதையெல்லாம் ஊர் டீக்கடையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். விவரமான பையன்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது

"நாலாயிரம் திர்ஹம் அண்ணே" என்பார்கள். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். வேலையை விட்டுப் போகும்போது வரும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். ஒரு வருடம் முடித்திருந்தால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அதே நாலாயிரத்தில் பேசிக் 1,600 என்றால் ஐந்து ஆண்டு முடிவில் 5,600 திர்ஹம். பேசிக் 2,400 என்றால் 8,400. மீதியை வீட்டு வாடகை, போக்குவரத்து என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பேரம் பேசுவதானால் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் விட்டுவைப்பது

சட்டப்படி அவர்கள் வைத்திருக்கக் கூடாது. கேட்டு வாங்குங்கள்.

மச்சானுக்குப் பொது பவர்

பவர் என்றால் நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் வாய் அடங்காது.

ஊரில் வீடு கட்ட வேண்டியிருக்கும், அல்லது ஒரு மனையைப் பத்திரம் முடிக்க வேண்டியிருக்கும். இங்கே லீவு கிடைக்காது. "ஒரு பவர் போட்டு அனுப்பிடுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்று போன் வரும். பத்திர எழுத்தர் தன் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய வாசகத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நம் ஆள் அதைப் பிரின்ட் எடுத்து, தூதரகச் சான்றுக்கு நேரம் வாங்கி, வேலையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்புவார். எல்லாம் செய்வார், படிக்க மட்டும் மாட்டார்.

அதில் என்ன இருக்கும் தெரியுமா? சொத்தை விற்க, கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ள, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட, வழக்கு நடத்த என்று பத்திர எழுத்தருக்குத் தெரிந்த வினைச்சொல் அத்தனையும் இருக்கும். வீடு கட்ட இதில் எது வேண்டும்? பிளான் அனுமதி, மின் இணைப்பு, குடிநீர், வரி, இவ்வளவுதான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் கல்லாச் சாவியோடு வீட்டு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்போமா?

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், இங்கே ஏசி மெக்கானிக். மனைவியின் தம்பிக்குப் பவர் கொடுத்தார், வீடு கட்டத்தான். எழுத்தர் சிரமம் பாராமல் பக்கத்தில் இருந்த காலி மனையின் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டார். மச்சான் கெட்ட பையன் இல்லை. வியாபாரத்தில் அடி, வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் காலி மனையை விற்றுவிட்டார். இவர் லீவில் போனபோது அங்கே வேறு யாரோ கல் ஊன்றி வேலி போட்டிருந்தார்கள். வக்கீல் சொன்னது ஒரே விஷயம்: விற்கும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த அதிகாரத்துக்குள் அவர் செய்த கிரயம் நீங்களே செய்தது மாதிரி. வாங்கியவர் முறையாகப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். மச்சான் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் வீட்டுக்காரியை நடுவில் நிறுத்த வேண்டும். போடவில்லை. அந்த வீட்டில் இப்போது தீபாவளிக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "எங்க மச்சான் அப்படி இல்லண்ணே" என்று போய் அதே தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களை என்ன செய்வது? பவரைக் குறைத்துக் கொடுத்தால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம்தான் காரணம். விற்கும் அதிகாரம் இல்லாத பவர் மச்சானுக்கும் பாதுகாப்பு. கடன்காரர் நெருக்கும்போது, "என்னால முடியாது, பவர்ல இல்ல" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம்.

பொது பவர் வேண்டாம், குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமான ஸ்பெஷல் பவர் போடுங்கள். எந்தச் சொத்து, எந்த வேலை, எந்தத் தேதி வரை என்று மூன்றும் இருக்கட்டும். "விற்கவோ, அடமானம் வைக்கவோ, கிரய ஒப்பந்தம் போடவோ அதிகாரம் இல்லை" என்று தனி வரியாகவே எழுதச் சொல்லுங்கள். விற்கத்தான் பவர் என்றால் குறைந்தபட்ச விலையையும், பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) மட்டுமே வர வேண்டும் என்பதையும் சேருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் கவரை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய.

கொடுத்த பவரைப் போனில் திட்டி ரத்து செய்ய முடியாது. ரத்துப் பத்திரத்தை, பவரைப் பதிந்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பவர் வாங்கியவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸும் அனுப்ப வேண்டும். அவருக்குத் தெரியவரும் வரை அவர் செய்வது செல்லும். சொத்தை வாங்க வருபவரைப் பொறுத்தவரை, ரத்தான விஷயம் அந்த வாங்குபவருக்குத் தெரியவரும் வரை செல்லும். பவர் கொடுக்கும்போது அதற்கு ஈடாக நீங்கள் பணம் வாங்கியிருந்தால் ரத்து செய்வதே பெரும்பாடு.

பவர் கொடுத்தவர்கள் தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சொத்துக்கு இங்கிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். சம்பளம் வந்ததா என்று பேங்க் ஆப்பைத் திறக்கிற அன்றைக்கே இதையும் திறந்தால் மறக்காது.

பழைய சேவிங்ஸ் கணக்கிலேயே ஓட்டுவது

வேலைக்கென்று வெளிநாடு கிளம்பினாலே பெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றச் சொல்லி வங்கியிடம் கொடுக்க வேண்டும். இங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுவரவும் தடையில்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீத வரியும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சம்பளத்தை என்ஆர்ஓவில் டெபாசிட் போட்டுவிட்டு வரி பிடிக்கிறார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஊர் வாடகை, பென்ஷன் போன்றவை வர மட்டும் என்ஆர்ஓ போதும்.

வயல் வாங்குவது

வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், கடை வாங்கலாம். என்ஆர்ஐ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை என்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது. அப்பா பெயரில் வாங்கினால் அது அப்பா சொத்து. உயில் எழுதாமல் அவர் போய்விட்டால் அக்கா தங்கை எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. கொடுக்க மனமிருந்தால் வாங்குங்கள்.

வேலையிழப்புக் காப்பீட்டை விடுவது

பேசிக் 16,000 திர்ஹம் வரை என்றால் கட்ட வேண்டிய பிரீமியம் மாதம் 5 திர்ஹம்தான். எடுக்காவிட்டால் அபராதம் 400.

கசகசா

ஊரில் மளிகைச் சாமான். இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். அம்மா அரைத்துக் கட்டிக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா சேர்த்தாரா என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.