பிரிசம் ஸ்கோப் வாங்கணுமா? மொதல்ல கண்ணாடி சீட்ட எடுங்க

போன மாசம் டெக்சஸ்ல துப்பாக்கி சுட்டுப் பழகற ஒரு ரேஞ்சுக்கு நண்பர் ஒருத்தர கூட்டிட்டு போனேன், புதுசா ஏஆர்-15 ரைபிள் வாங்கி மேல ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளிய காட்டி குறி வைக்க உதவற சாதனம்) போட்டிருந்தார். ஒரு ரவுண்டு கூட சுடல, அதுக்குள்ள "அண்ணே இது டிஃபெக்ட் பீஸ் போல, புள்ளிக்கு வால் மொளச்சிருக்கு"ன்னு புலம்பல். நான் பாத்தேன், எனக்கு வால் இல்ல, நசுங்கின செர்ரிப்பழம் மாதிரி தெரிஞ்சுது. சரின்னு ஃபோன் கேமராவ வச்சு பாத்தா உருண்டையா சுத்தமா ஒரு புள்ளி. அப்ப கோளாறு டாட்ல இல்ல, எங்க ரெண்டு பேர் கண்ணுல.

உங்க கண்ணாடி சீட்டுல சிலிண்டர்னு ஒரு காலம் இருக்கும்ல, அதுல நம்பர் இருந்தா உங்களுக்கும் அஸ்டிக்மாடிசம் இருக்கு, அதாவது கண்ணோட வளைவு எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்ல. ரெட் டாட்ங்கறது ஒரு குட்டி எல்இடி வெளிச்சம் கண்ணாடியில பட்டு கண்ணுக்கு திரும்பி வர்றது, அந்த வெளிச்சப் புள்ளியத்தான் சிலிண்டர் பவர் உள்ள கண்ணு இழுத்து சிதறடிக்கும். பிரிசம் ஸ்கோப்ங்கறது உள்ள பட்டகம் வச்சு, ரைபிள் மேல மாட்டற குட்டி தொலைநோக்கி. அதுல குறி கண்ணாடி மேலயே செதுக்கியிருக்கும், கறுப்பா, பேட்டரி செத்தாலும் அங்கயேதான் இருக்கும். அதோட கண்ணு வைக்கிற பக்கம் திருகுற டயாப்டர் வளையமும் உண்டு. ஆனா டயாப்டர் சிலிண்டர சரி பண்ணாது, கிட்டப்பார்வை தூரப்பார்வையத்தான் சரி பண்ணும், செதுக்கின கறுப்புக் கோடுங்கறதால சிதறல் பெருசா தெரியாது, அவ்ளோதான். குறிய ஒளிர வைக்கற பேட்டரி வெளிச்சத்த முழுசா ஏத்தினா மறுபடி கொஞ்சம் சிதறும். கண்ணாடி போட்டே சுடுங்க.

கண்ணுல பிரச்சனையே இல்ல, 50 யார்டுக்குள்ளதான் சுடுவேன்னா ரெட் டாட்டே போதும், பிரிசம் தேவையில்ல. இத சொன்னா சில பேருக்கு கோவம் வருது, பரவால்ல.

வாங்கும்போது எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தன எக்ஸ், அதாவது எத்தன மடங்கு பெருசா காட்டும்னுதான், நான் மொதல்ல பாக்கறது ஐ ரிலீஃப். அதாவது கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருந்தா படம் முழுசா தெரியும்ங்கறது. பிரிசம்ல இது கம்மி, நெறைய மாடல்ல 2லேருந்து 4 இன்ச்சுக்குள்ள. இந்த வகையிலயே பேர் போன டிரைஜிகான் ஏகாக், 1987ல வந்தது, அதோட டிஏ31 மாடல்ல வெறும் 1.5 இன்ச், மூக்கு போய் சார்ஜிங் ஹேண்டில்ல (ரைபிள் பின்னாடி இருக்கற, இழுத்து தோட்டா ஏத்தற பிடி) இடிக்கற அளவு பக்கம். வெல ஆயிரம் டாலருக்கு மேல, அது நம்ம பட்ஜெட் இல்ல, ஆனா அது மாதிரியே இருக்குன்னு ஆன்லைன்ல வர்ற மலிவு நகல வாங்கறவங்க இந்த 1.5 இன்ச்ச மறந்துடறாங்க. கண்ணாடி போடறவங்க 2.5 இன்ச்சுக்கு கீழ எதையும் தொடாதீங்க.

அடுத்தது எக்ஸ். 1 எக்ஸ்ல ரெண்டு கண்ணையும் தொறந்துட்டு ரெட் டாட் மாதிரியே சுடலாம், ஆனா தலைய கண்டபடி வச்சா ஓரம் கறுத்துடும், ரெட் டாட் அளவுக்கு மன்னிக்காது. 3 எக்ஸ் 100லேருந்து 300 யார்டு வரைக்கும் நல்லா உழைக்கும், ஒரே ரைபிள் ஒரே ஸ்கோப்னா என் ஓட்டு இதுக்குத்தான். 5 எக்ஸ் வாங்கினா படம் பெருசு, ஆனா கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டம் சின்னதாயிடும். கணக்கு சிம்பிள், முன் லென்ஸ் அளவ எக்ஸால வகுங்க. 30 மில்லிமீட்டர் லென்ஸ் 3 எக்ஸ்னா 10 மில்லிமீட்டர், அதே லென்ஸ் 5 எக்ஸ்னா 6. வட்டம் சுருங்க சுருங்க கண்ண சரியான எடத்துல வைக்கறது கஷ்டம், சாயங்காலம் மான் வர்ற நேரத்துல இது நல்லாவே தெரியும்.

பேர் சொல்லுன்னா, ஹூஸ்டன்ல இருக்கற பிரைமரி ஆர்ம்ஸோட எஸ்எல்எக்ஸ் மைக்ரோபிரிசம் 1, 3, 5 எக்ஸ்ல வருது, மலிவு பிரிசம்னாலே இப்ப பேச்சு அதுலேருந்துதான் ஆரம்பிக்குது. விஸ்கான்சின் கம்பெனி வோர்டெக்ஸோட ஸ்பிட்ஃபயர் இன்னொன்னு, அவங்க வாரன்ட்டி ஆயுசுக்கும், பில்லு கேக்க மாட்டாங்க, கை மாறினாலும் செல்லும், அதனால பழசு வாங்கறதா இருந்தா நான் இதத்தான் தேடுவேன். பர்ரிஸ் ஏஆர்-332 பழைய டிசைன், கொஞ்சம் தடி, ஆனா உழைக்கும். சுமாரா 200லேருந்து 400 டாலர்னு எடுத்து வைங்க. நான் ஆரம்பத்துல 90 டாலருக்கு ஒன்னு வாங்கி (பேர் வேணாம் விடுங்க) ஒவ்வொரு வாரமும் குண்டு ஒவ்வொரு எடத்துல போய் விழ, அத துரத்தி துரத்தி செலவு பண்ண தோட்டா காசுல நல்ல ஸ்கோப்பே வந்திருக்கும்.

குறியில கீழ கீழ கோடு போட்டு 300, 400, 500னு இருக்கறத பாத்து மயங்காதீங்க, அது ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு போட்ட கணக்கு. ஏஆர்-15ல போடற 5.56 தோட்டாவுக்குன்னு செஞ்சத வேற தோட்டா சுடற ஏகே-47 மேல போட்டா அந்தக் கோடெல்லாம் சும்மா அலங்காரம். ஒரே மாடல் ரெண்டு மூணு தோட்டாவுக்கு தனித்தனியா வரும், பெட்டி மேல படிச்சு பாத்து வாங்குங்க. குறியோட வெளிச்சம் உச்சி வெயில்ல மங்கலா தெரிஞ்சா அது கொறையே இல்ல, அப்ப கறுப்புக் கோடே போதும். இருட்டுப் புதர் மேல கறுப்புக் கோடு காணாமப் போகும், வெளிச்சம் அங்கதான் வேணும்.

மாட்டும்போது ரைபிள் காலியான்னு ரெண்டு தடவ பாத்துக்கங்க. ரைபிள் மேல இருக்கற ரெயில்ல (பள்ளம் பள்ளமா இருக்கற பட்டை) உங்க ஐ ரிலீஃபுக்கு ஏத்த பள்ளத்துல ஸ்கோப்ப வச்சு, அந்தப் பள்ளத்துக்குள்ளயே முன்பக்கமா தள்ளிப் பிடிச்சு ஸ்க்ரூவ முறுக்குங்க, எவ்ளோ முறுக்கணும்னு மேனுவல்ல இன்ச்-பவுண்டுல இருக்கும், கை அளவுன்னு குத்துமதிப்பா முறுக்கி நூல் தேய்ஞ்சு போன கதை நெறைய. அப்புறம் டயாப்டர். வெள்ளச் சுவத்த பாத்து வளையத்த திருகுங்க, ஆனா மொறச்சு பாத்துட்டே திருகாதீங்க, கண்ணு தானா அட்ஜஸ்ட் ஆகி ஏமாத்தும். ஒரு செகண்ட் பாக்கணும், வேற எங்கயாவது பாக்கணும், மறுபடி பாக்கணும், பாத்த ஒடனே கோடு கூர்மையா இருந்தா சரி.

5.56னா 50 யார்டுல ஜீரோ பண்ணுங்க, அதாவது குறி வச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி ஸ்கோப்ப திருகி வைங்க, குண்டு மேல ஏறி எறங்கி 200 யார்டு பக்கம் மறுபடி குறிக்கு கிட்ட வரும், ஆனா நம்பி விட்றாதீங்க, 100லயும் 200லயும் சுட்டு பாக்கணும். ஸ்கோப்ப திருகற கணக்கு எம்ஓஏங்கற கோண அளவுல இருக்கும், 1 எம்ஓஏ 100 யார்டுல சுமாரா 1 இன்ச், 50ல அதுல பாதி. உங்க ஸ்கோப் ஒரு கிளிக்குக்கு அரை எம்ஓஏ நகரும்னா 50 யார்டுல கால் இன்ச், குண்டு 1 இன்ச் கீழ விழுந்தா 4 கிளிக் மேல. ஒரு குண்ட பாத்து திருகாதீங்க, மூணு சுட்டு நடுப்புள்ளிய பாத்து திருகுங்க.

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா ரெண்டு விஷயம். எச்-1பி மாதிரி தற்காலிக விசால இருந்தா அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வாங்கறதும் வச்சிருக்கறதும் பொதுவா தடை, செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான் இருக்கு, வக்கீல்கிட்ட கேட்டுட்டு எறங்குங்க. கிரீன் கார்டுக்கு இந்தத் தடை கெடையாது. அப்புறம் ரைபிள் ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள், துப்பாக்கி இல்லயே வெறும் லென்ஸ்தானேன்னு நெனச்சு ஊர்ல ரைஃபிள் கிளப் மச்சான் கேட்டார்னு சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு போயிடாதீங்க.