கீழ்முதுகெலும்பு விரிசல்: வலி நின்றதும் எலும்பு கூடிவிட்டதா?

பாலாறு வறண்ட மாதங்களில் ஆற்றுக்குள்ளேயே ஸ்டம்ப் நட்டு ஆடுகிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வேகமாகப் பந்து போடுகிறவன் இடுப்பில் ஒரு பக்கமாக வலி என்று வந்து, பின்னால் வளையும்போது சுருக்கென்று குத்துகிறது என்றும் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். வீட்டில் தைலம் தேய்ப்பார்கள், அடங்காவிட்டால் புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கை கால் முறிவுக்கு நம் பக்கம் அதன் மேல் உள்ள நம்பிக்கை புரிகிறது. முதுகை மட்டும் யாரும் நெட்டி முறிக்க விடாதீர்கள்.

கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு நாள் விட்டுப்போகும். கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில் உள்ள மெல்லிய பாலத்துக்கும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. வலக்கையால் வீசுகிறவனுக்கு இடப்பக்கம்தான் அதிகம் விரிசல் விழும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மறுநாளே பந்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எம்ஆர்ஐ அதைச் சீக்கிரம் காட்டும்.

அறுவைக்கு அவசரப்படவும் கூடாது. மூன்று மாதமாவது பந்து போடாமல், பிசியோதெரபியும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலோருக்கு அறுவையே வேண்டியிருக்காது. ஆறு மாதம் உண்மையாகவே ஓய்வெடுத்தும் வலி விடவில்லை என்றால்தான் அந்தப் பேச்சு.

அப்போது டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: விரிசலை ஒட்டுகிறீர்களா, இரண்டு முள்ளெலும்பைச் சேர்க்கிறீர்களா? இரண்டிலும் ஸ்க்ரூ உண்டு, அதனால் வீட்டார் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஒட்டும்போது விரிசலுக்குள் வளர்ந்த நாரைச் சுரண்டி, இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்து, குறுக்கே ஸ்க்ரூ போடுவார்கள். முதுகின் அசைவு போகாது. ஆனால் டிஸ்க் நன்றாக இருக்க வேண்டும், எலும்பு முன்னால் நழுவியிருக்கக் கூடாது. வலி மாத்திரையிலேயே வருடக்கணக்கில் ஓட்டி, நழுவிய பிறகு போனால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

என்னை அதிகம் வருத்துவது அறுவைக்குப் பிறகு செய்கிற தவறுதான். ஆறு வாரத்தில் வலி நின்றுவிடலாம். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு குடியாத்தம் வரை போய் வருவான். ஸ்க்ரூ பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எலும்பு கூட மாதங்கள் ஆகும், கூடியதா என்று சிடி ஸ்கேன்தான் சொல்லும். பீடி, சிகரெட் இரண்டும் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். பீடி சுற்றுகிற வீடுகள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வலி மாத்திரையையும் கேட்காமல் தொடராதீர்கள்.

பும்ரா 2023 மார்ச்சில் முதுகு அறுவை செய்து ஆகஸ்டில் ஆடவில்லையா என்பார்கள். அவர் திரும்பி வந்தது ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் போட முடியாத டி20 ஆட்டத்தில், கூடவே பிசியோக்களோடு. நம் பையனை அந்தக் கணக்கில் அளக்காதீர்கள்.

எந்தக் கட்டத்திலும் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.