தருமபுரிக் கோட்டை முதல் கிருஷ்ணகிரி பழையபேட்டை வரை: கட்டடங்களைப் படமெடுக்கப் பழகுவோம்

ஊர் சுற்றிவிட்டு வருபவர்களின் கைபேசியைப் புரட்டினால் கட்டடப் படங்களில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வெளியே எடுத்ததில் கட்டடம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளே எடுத்ததில் ஜன்னல் வெள்ளையாக எரிந்துபோய், மூலைகள் கரியாகக் கிடக்கும். இரண்டுக்கும் கேமராவைக் குறைசொல்லிப் பயனில்லை. எங்கே நிற்கிறோம், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இதைப் பழகத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அருமையான இடங்கள். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. கருங்கல் கோயில், நடுகல், மலைக்கோட்டை, ஓட்டு வீடு என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஒரு சனி, ஞாயிறு போதும்.

படி 1: கைபேசியைத் தயார் செய்யுங்கள்

கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளைத் திரையில் வரவையுங்கள். மூன்று வினாடி டைமர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், இந்த இரண்டு நாளும் அது வேண்டாம்.

படி 2: கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது?

போய்ச் சேர்ந்ததும் படமெடுக்கத் தொடங்காதீர்கள். கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கிழக்கு பார்த்த முகப்புக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை. வடக்கு பார்த்த வாசலில் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது. அங்கே நிழலின் சீரான வெளிச்சத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு விடிந்ததும் ஏறிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், காலையில் சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் மதிலின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். 1791-இல் ஆங்கிலேயப் படை முட்டிப் பார்த்தும் பிடிக்க முடியாத கோட்டை இது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தின் வழியாகத்தான் இந்தக் கோட்டை அடங்கிய பாராமகால் பகுதி அவர்கள் கைக்குப் போனது. அந்த உயரமும் செங்குத்தும் படத்தில் தெரிய வேண்டுமானால், உடன் வந்தவரை மதில் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். மனித உருவம் ஒன்று இருந்தால்தான் கல்லின் அளவு விளங்கும்.

படி 3: சாய்வைச் சரிசெய்யுங்கள்

கிருஷ்ணகிரிக் கடைத்தெருவில் ஒரு பழைய மச்சு வீட்டை முதன்முதலில் எடுத்தபோது, அதன் வாசலுக்கு எதிரிலேயே நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தேன். கைப்பிடிச்சுவர் வரை எல்லாம் படத்துக்குள் வந்தது. ஆனால் வீடு மேலே போகப் போகக் குறுகி, பின்னால் விழப்போவதுபோல் இருந்தது. அன்று ஒரு முழுத் தெருவையும் அப்படியே எடுத்து வீணாக்கினேன்.

கைபேசியைச் சாய்க்கும்போது அதன் முதுகும் சுவரும் இணையாக இருப்பதில்லை. சுவரின் மேல்பகுதி லென்ஸிலிருந்து தூரமாகிச் சிறிதாகிவிடுகிறது. ஆகவே கைபேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். தூக்குக்குண்டு தொங்குவதுபோல் நேராக. உச்சி வெட்டுப்படுகிறதா? பின்னால் நகருங்கள். தெரு குறுகலாக இருந்தால், எதிர்வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டுப் போய், கட்டடத்தின் பாதி உயரத்திலிருந்து எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கட்டடம் முழுவதையும் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒரு ஜன்னலையோ ஒரு தூணையோ நன்றாக எடுங்கள்.

அகலக் கோண லென்ஸ், அதாவது 0.5 என்று திரையில் காட்டுவது, கைக்கு வசதிதான். ஆனால் அது ஓரங்களில் இருப்பதை இழுத்து நீட்டிவிடும். வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுங்கள்.

படி 4: கருங்கல்லும் வெள்ளைச் சுவரும்

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே முயலும். அதனால் கருங்கல் வெளிறிச் சாம்பலாகும். சுண்ணாம்புச் சுவர் அழுக்காகத் தெரியும். திரையில் கல்லைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். வெள்ளைச் சுவருக்குச் சற்று மேலே.

தருமபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்லியல் அருங்காட்சியகத்தில், இருக்கும் நடுகற்களிடம் இதைப் பழகுங்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் மடிந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் இந்தப் பகுதியில் ஏராளம். பல கற்களில் செதுக்கிய உருவத்தின் புடைப்பு மிக மெல்லியது. நேர் எதிரில் வெளிச்சம் இருந்தால் வீரனும் வில்லும் கல்லோடு கல்லாகக் கரைந்துவிடுவார்கள். படமெடுக்க அனுமதி பெற்றுக்கொண்டு, நண்பர் ஒருவரைக் கல்லின் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, டார்ச்சைக் கல்லின் மேற்பரப்பை உரசுவதுபோல் அடிக்கச் சொல்லுங்கள். அம்பின் நுனியும் எழுத்தின் வரியும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். எனக்கு இன்றும் சலிக்காத காட்சி இது.

படி 5: கேட்டுவிட்டு எடுங்கள்

தருமபுரிக் கோட்டைக் கோயில் மண்டபத்தில் தொங்கும் தூண்கள் இருக்கின்றன. அடியில் ஒரு தாளை நுழைத்து எடுக்கலாம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் விதானம் முழுக்கப் பழைய ஓவியங்கள். பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். கூடாது என்றால் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணாரப் பாருங்கள். அனுமதி கிடைக்கும் எந்த இடத்திலும் விதானத்தை எடுக்க எளிய வழி, கைபேசியை முன்பக்க லென்ஸ் மேலே பார்க்கத் தரையில் வைத்து, டைமரை அழுத்திவிட்டு விலகி நிற்பது.

படி 6: வீட்டுக்குள்

கடினமானதும் இனிமையானதும் இதுதான். பழையபேட்டைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "பாட்டி, இந்தத் திண்ணைத் தூணை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "தூணை மட்டும் எடுத்து என்ன செய்யப்போகிறாய் சாமி? உள்ளே வந்து முற்றத்தைப் பார்" என்றார்.

முற்றம் வைத்த வீட்டில் வெளிச்சம் மேலிருந்து இறங்கித் தாழ்வாரத்தில் பரவுகிறது. உச்சிவெயிலில் முற்றத்துத் தரை மட்டும் பளீரென்று இருக்கும், சுற்றிலும் இருட்டு. இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பது கேமராவுக்குக் கடினம். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ போங்கள். மேகமூட்டம் இருந்தால் எந்த நேரமும் நல்லதே.

உள்ளே போனதும் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது எரிந்தால் சுவரின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி பச்சையாகவும் விழும். பிறகு திருத்தவே முடியாது. மூலைக்குப் போய் நில்லுங்கள். முற்றத்துக்கு மேலே தெரியும் வானம் படத்துக்குள் வராதபடி பாருங்கள். கைபேசியை நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் தரையும் உத்திரமும் சம அளவில் வரும். வெளிச்சமும் இருட்டும் இல்லாத நடுத்தரமான ஒரு இடத்தைத் திரையில் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். கை நடுங்குமென்றால் கதவின் நிலையில் சாய்ந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு பெட்டியின் மேல் கைபேசியை நிறுத்தி டைமரில் எடுங்கள்.

அறை முழுவதையும் எடுத்த பிறகு அருகே போங்கள். அந்த வீட்டில் முற்றத்து ஓரத்து மரத்தூணில், இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்குக் கறுத்துப் பளபளப்பு. முற்றத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொருவரும் பிடித்துப் பிடித்து வந்த பளபளப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த அந்தக் கணத்தில் அது எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. நான் அன்று எடுத்த முப்பது படங்களில் வீட்டைச் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

சொம்பு, பாய், கயிற்றில் தொங்கும் துண்டு எதையும் ஒதுக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஆள் வாழ்கிறார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அங்கே போனால், குடியிருக்கும் வீட்டுக்கும் காட்சிக்கு வைத்த வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் படங்களே காட்டிவிடும்.

படி 7: திருத்தமும் பிரதியும்

திருத்தும் செயலியில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தும் வசதி இருக்கும். மிச்சமிருக்கும் சிறு சாய்வை அதில் சரிசெய்யுங்கள். நிறத்தை ஏற்றாதீர்கள். நாட்டு ஓடு குங்குமம்போல் சிவக்கக் கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிரதி அச்சிட்டு அனுப்புங்கள். ஸ்டுடியோவில் நான்குக்கு ஆறு அங்குலம் போட்டால் அதிகம் செலவாகாது. விலாசத்தை அன்றே, வாசலில் செருப்பு மாட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.